உயிர் இருக்க வாய்ப்பு

ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் காலை பஸ்ஸில்தான் எனக்கு அவளைப் பழக்கம். நான் மாத்தளையில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். அவளுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. இரத்தம், சிறுநீர், சளி என்று வருகிற எல்லாவற்றையும் பரிசோதித்து முடிவு எழுதிக் கொடுப்பவள். ரிவர்ஸ்டன் போகிற பாதையோரம், தேயிலை முடிந்து ஏலம் தொடங்குகிற ஒரு சரிவில் அவளுடைய வீடு. மேலேயிருந்து வருகிற பஸ்ஸில் ஏற்கனவே உட்கார்ந்திருப்பாள். நான் ரத்தோட்டையில் ஏறும்போது பக்கத்து சீட்டிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர்" என்பாள்.

எனக்கு அவளைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். ஆனாலும் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்களை எல்லாரும் கூப்பிடுவதுபோல நானும் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டேன். எத்தனை நெருக்கமான பிறகும் அது மாறவில்லை.

முதலில் விலைவாசி, பிள்ளைகளின் பரீட்சை, என் முழங்கால் வலி என்றுதான் பேசினோம். ஒரு நாள் அவள் பஸ் புறப்படும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லவா? சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க மிஸ்."

"ரொம்பத் தூரத்துல ஒரு கிரகம் இருக்கு. அங்க உள்ள காத்துல ஒரு வாயு இருக்கிற மாதிரி தெரியுதாம். இங்க நம்ம பூமியில அந்த வாயுவ விடுறது கடல்ல இருக்கிற சின்னச் சின்ன உசுருங்கதான். அப்ப அங்க?"

"அங்க என்ன?"

"அங்கயும் ஏதோ உசுரு இருக்கலாம்ல!"

நான் சிரித்துவிட்டேன். "மிஸ், இங்க உள்ள உசுருக்கே ஒழுங்கா ஒரு பஸ் இல்ல. நீங்க அங்க போய்ட்டீங்களே."

அவள் கோபிக்கவில்லை. அன்றைக்குத் தொடங்கிய பேச்சு மாதக்கணக்கில் ஓடியது. அவள் இருக்கும் என்பாள், நான் இல்லை என்பேன். உண்மையில் எனக்கு அதில் ஒரு அபிப்பிராயமும் இருக்கவில்லை. நான் மறுத்தால் அவள் இன்னும் உற்சாகமாகப் பேசுவாள், அதற்காகவே மறுப்பேன்.

"நீங்க ஒரு நாளைக்கு வந்து என் மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சுப் பாக்கணும் டீச்சர். ஒரு சொட்டுல எவ்வளவு ஓடித் திரியுதுங்க தெரியுமா? எங்க வேலையில பாதி, வேண்டாத உசுரு உள்ள வராமத் தடுக்கிறதுதான். கொதிக்க வைக்கிறோம், மருந்து போடுறோம், குளிர்ல பூட்டி வைக்கிறோம். அப்படியும் வருது. இங்க விடமாட்டேன்னு சொன்னாலும் வருது. அவ்வளவு பெரிய ஆகாயத்துல, யாருமே வேணாம்னு சொல்லாத இடத்துல, வராதா?"

"வந்திருந்தா ஏன் ஒரு சத்தமும் இல்ல?"

"தூரம் டீச்சர். நாம கூப்பிடுறது அங்க போய்ச் சேர்றதுக்குள்ள நாமளே இருக்க மாட்டோம்."

நாங்கள் தொழும்போது உலகம் என்று ஒருமையில் இல்லை, உலகங்கள் என்றுதான் ஓதுகிறோம் என்று ஒரு தடவை சும்மா சொல்லிவைத்தேன். பலாபத்வலப் பக்கம் ஏதோ சடங்குக்குப் போகிற கூட்டம் ஏறி பஸ் நிறைந்திருந்த நேரம். அவள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்தீங்களா! உங்க பக்கத்துலயே ஆதாரம் இருக்கு, என்கூட வந்து சண்டை பிடிக்கிறீங்க" என்றாள். முன்சீட்டு மனிதர் திரும்பிப் பார்த்தார்.

அவளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒருநாள் கேட்டேன். 

"சின்னப் பிள்ளையில நாங்க தோட்டத்து லயத்துல இருந்தோம். அம்மாவும் அப்பாவும் வர நேரமாகும். இருட்டினா பயமா இருக்கும். அடுத்த காம்பராவுல விளக்கு எரியுதான்னு பாப்பேன். அங்க யாரு இருக்காங்க, பேசுவாங்களா, எதுவும் வேணாம். வெளிச்சம் தெரிஞ்சா போதும். அது மாதிரித்தான்."

கொஞ்ச நாளில் அந்த வாயு அங்கே இருப்பதே சந்தேகம் என்று வேறு ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவிட்டார்கள். அவளே அந்தச் செய்தியை எடுத்துக் காட்டினாள். அன்று மாத்தளை வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். இறங்கும்போது, "இல்லன்னு சொல்லலியே. தெரியலன்னுதானே சொல்றாங்க" என்றாள்.

ஆகஸ்ட் விடுமுறையில் அவளுடைய வீட்டுக்குப் போனேன். பாதையிலிருந்து சிமெந்துப் படியில் இறங்க வேண்டும். தகரக் கூரை போட்ட சின்ன வீடு. பின்னால் மேடு, அதற்கு மேலே பைனஸ் மரங்கள். அவளுடைய கணவர் த்ரீவீல் ஓட்டுபவர். மலை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திரிவார். அதிகம் பேசாத மனிதர் என்று நினைத்திருந்தேன். பேச்சு அந்த விசயத்துக்கு வந்ததும் வாயைத் திறந்தார்.

"இவ மேல உசுரு தேடுறா டீச்சர். நான் இங்க அட்டைக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

அவர்களுக்கு ஒரே மகள், ஆறாம் வகுப்பு. தாயின் ஆராய்ச்சியில் அவளுக்குத் துளியும் அக்கறை இல்லை. "அம்மாவுக்கு வேற வேலை இல்ல டீச்சர்" என்று என்னிடம் முறைப்பாடு செய்தாள். அவளுக்கு ஒரு பூனை வேண்டும், அப்பா சம்மதிக்கவில்லை, அதுதான் அவளுடைய பிரச்சினை. நான் கொண்டுபோன வட்டிலாப்பத்தைச் சாப்பிட்டபோது முந்திரிப்பருப்பை ஒதுக்கி ஒதுக்கித் தகப்பனின் பீங்கான் தட்டில் போட்டாள். படியிறங்கி வந்ததில் என் கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது. நான் பதறிப் பிய்க்கப் போனேன். "இழுக்காதீங்க டீச்சர், காயம் ஆறாது" என்று மகள்தான் ஓடிப்போய்ச் சவுக்காரத் துண்டை நனைத்துக் கொண்டுவந்து தடவினாள். அட்டை தானாகச் சுருண்டு விழுந்தது. அதை ஒரு இலையில் எடுத்து வெளியே எறிந்துவிட்டு, கை கழுவாமலே திரும்ப வட்டிலாப்பத்துக்கு வந்தாள். தாய் சத்தம் போட்டாள்.

பின்னேரம் நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது. எதிரே நின்ற மரம் மறைந்தது. "எங்க வீட்டுல இருந்து ஒரு நட்சத்திரம் தெரியாது டீச்சர்" என்றாள் அவள். "எப்பப் பாத்தாலும் இப்படித்தான். நான் ஆகாயம் பாக்குறதெல்லாம் ஃபோன்லதான்."

நவம்பர் கடைசியில் மழை தொடங்கியது. இங்கே மழை புதிதல்ல. ஆனால் அது நிற்கிற மழையாக இருக்கவில்லை. ரத்தோட்டையில் ஆறு பாதைக்கு ஏறியது, மின்சாரம் போனது, பிறகு ஃபோனும் போனது. நான் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். அவள் டியூட்டிக்கு இறங்கியவள் ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கொண்டாள். மாற வேண்டியவர்கள் வர வழியில்லாததால் அவளே தொடர்ந்து வேலை பார்த்திருக்கிறாள். ஃபோன் அறுந்துபோகிறதுக்கு முன் கடைசியாக மகளோடு பேசியதை எனக்குப் பிறகு சொன்னாள். அப்பா ரொட்டி சுடுகிறார், எல்லாம் கருகுது என்று மகள் சிரித்திருக்கிறாள். பின்னால் தகப்பன் ஏதோ சொல்லியிருக்கிறார். அது என்னவென்று அவளுக்குக் கேட்கவில்லை.

அதிகாலையில் மேடு சரிந்தது. கீழே எங்களுக்கு அது தெரிய மறுநாள் மதியமாகிவிட்டது. மேலேயிருந்து நடந்தே வந்த ஒருவர் கடைத்தெருவில் சொன்னதை என் கணவர் கேட்டுவந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"மேல வீடுகள் போச்சாம். உங்கட மிஸ் ஈக்கிற பக்கம்தானாம்."

பள்ளிவாசலில் சோறு சமைத்துப் பார்சல் கட்டி மேலே கொண்டுபோக ஆட்கள் புறப்பட்டார்கள். நானும் வருகிறேன் என்றேன். என் கணவர் முழங்காலைக் காட்டி மறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு குடையைக் கையில் தந்தார். விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, பாதை இல்லாத இடத்தில் தேயிலைக்குள் இறங்கி ஏறிப் போனோம்.

அந்த இடத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சிமெந்துப் படி இல்லை, வீடு இல்லை, அந்த வரிசையில் இருந்த எதுவும் இல்லை. மேலிருந்து கீழ்வரைக்கும் சிவந்த சேறு. அதில் பைனஸ் மரங்கள் வேரோடு தலைகீழாகக் குத்தி நின்றன. படையினரும் தோட்டத்து ஆட்களும் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்து சேரப் பாதை இல்லை.

அவள் ஒரு தறப்பாள் விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஃபோன் கிடைக்காத பயத்தில் மாத்தளையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். ஆய்வுகூடத்து வெள்ளை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை, இடுப்புவரை அது மண் நிறமாகியிருந்தது. கணவரை முதல் நாளே எடுத்துவிட்டார்கள் என்று பக்கத்தில் நின்ற பெண் என் காதில் சொன்னாள். மகளை இன்னும் காணவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தாள். அழவில்லை.

இடைக்கிடை ஒரு விசில் சத்தம் கேட்கும். உடனே எல்லாரும் வேலையை நிறுத்துவார்கள். பேச்சு நிற்கும். மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது கேட்கிறதா என்று ஒருவர் குப்புறப் படுத்துக் காதை வைப்பார். மழைத் தூறல் எங்கள் குடையில் விழுகிற சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்டது, குடையை மடக்கிவிட்டேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். மறுபடி விசில் ஊதினால் ஒன்றும் கேட்கவில்லை என்று அர்த்தம். திரும்பவும் மண்வெட்டிகள் விழும்.

பின்னேரம் படையினரின் அதிகாரி வந்து அவள் முன்னால் குந்தினார். இளம் வயது, சிங்களவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிள்ளையை எடுத்துத் தருவதற்குத்தான் இனித் தோண்டுகிறோம், உயிர் இருக்க இனி வாய்ப்பில்லை மிஸ் என்று மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார்.

அவள் அவரோடு வாதாடத் தொடங்கினாள். அவளும் சிங்களத்தில்தான் பேசினாள், நல்ல சிங்களம். அலுமாரி சரிந்து சுவரில் சாய்ந்திருந்தால் நடுவில் இடம் இருக்கும் என்றாள். மண்ணில் தண்ணீர் ஊறுகிறது, ஆகவே தண்ணீர் இருக்கிறது என்றாள். சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சக் காற்றுப் போதும். குளிர் நல்லது, குளிரில் உடம்பு மெதுவாக வேலை செய்யும், நாங்கள் ஆய்வுகூடத்தில் இரத்தத்தைக் குளிரில்தான் வைக்கிறோம், அழியாது என்றாள். பஸ்ஸில் என்னிடம் பேசிய அதே வேகம். ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காரணம் சொன்னாள். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. கடைசியில், "இது மண் இல்ல மிஸ், சிமெந்து மாதிரி" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் என்னிடம் திரும்பினாள். "டீச்சர், நீங்க சொல்லுங்க. வாய்ப்பு இருக்குல்ல?"

எத்தனையோ காலை நேரங்களில் நான் அவளுக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

"இருக்கு மிஸ்" என்றேன். "இருக்கு."

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் தோண்டினார்கள். பிறகு மேலே இன்னொரு இடத்தில் நிலம் வெடித்திருப்பதைக் கண்டு எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். மகள் கிடைக்கவில்லை. கணவரைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலின் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, இரண்டு பேர் வாளியால் இறைத்தார்கள். மகளுக்கும் சேர்த்து ஜெபம் சொல்லவா என்று பாதர் கேட்டார். "பொட்டி இல்லாம எப்படி பாதர்?" என்றாள். 

அவள் கொஞ்சக் காலம் ஒரு பாடசாலையில் போட்டிருந்த முகாமில் இருந்தாள். பிறகு மாத்தளையில் ஒரு அறை எடுத்து, வேலைக்குத் திரும்பினாள். அவள் பஸ்ஸில் வருவது நின்றுபோனது. நான் இரத்தத்தில் சீனி பரிசோதிக்கிற சாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பேன். என் கையில் ரப்பரைக் கட்டி ஊசி ஏற்றும்போது அவளுடைய விரல்கள் கொஞ்சமும் நடுங்கவில்லை. 

அந்த நாட்களில் நானாகவே வானச் செய்திகளைத் தேடி வாசிக்கத் தொடங்கியிருந்தேன். அவளோடு பேச எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. ஒரு தடவை, "மிஸ், அந்தக் கிரகத்தப் பத்தித் திரும்பவும் ஏதோ வந்திருக்கு" என்று தொடங்கினேன்.

"பஞ்ச அழுத்திப் பிடிங்க டீச்சர். கைய மடக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மழை விட்டு மாதங்கள் போன பிறகு, இறந்தவர்களுக்காக மேலே ஒரு பூசை வைத்தார்கள். ஒரு வேன் பிடித்து அவளோடு நானும் போனேன். சரிவுக்கு உள்ளே போக முடியாதபடி கயிறு கட்டி, இனிக் குடியிருக்கத் தகாத இடம் என்று மூன்று மொழியிலும் பலகை நட்டிருந்தார்கள். பூசை பாதையோரத்திலேயே நடந்தது. நான் பின்னால், கையேந்தாமல், மனதுக்குள் எனக்குத் தெரிந்ததை ஓதிக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்து பார்த்தால் அவள் கயிற்றைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் உள்ளே போயிருந்தாள். யாரோ அதட்டினார்கள். நான் போய்க் கூப்பிட்டேன். அவள் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவந்த மண் இப்போது சிவப்பாக இல்லை. முழுக்கப் புல் முளைத்திருந்தது. பன்னைச் செடியும், மஞ்சளாய்ப் பூத்த ஏதோ கொடியும், அங்கங்கே முழங்கால் உயரக் கன்றுகளும். குத்தி நின்ற பைனஸ் மரத்தின் வேரில்கூடப் பச்சை ஏறியிருந்தது.

"பாருங்க டீச்சர்" என்றாள். "எம்பிள்ள உள்ள இருக்கா. அதுக்கு மேல என்ன அவசரம் இதுகளுக்கு?"

குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கினாள். இன்னொரு பிடி. பிடுங்கிக்கொண்டே போனாள். நான் அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, இழுத்துக்கொண்டுதான் வேனுக்கு வந்தேன். உள்ளங்கை முழுக்கப் பச்சைக் கறை.

வேன் இறங்கும்போது அவளாகவே பேசினாள். வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"அன்னைக்கு ஏதோ செய்தி வந்திருக்குன்னு சொன்னீங்க."

"அது ஒண்ணும் இல்ல மிஸ்."

"அங்க ஒண்ணும் இருக்கக் கூடாது டீச்சர்."

உள்ளங்கைக் கறையை விரலால் தேய்த்தாள்.

"முந்தி, எங்கயாவது இருக்கணும் இருக்கணும்னு கெடந்தேன். இப்ப நெனச்சாப் பயமா இருக்கு. உசுருன்னு ஒண்ணு இருந்தா அதுக்குப் பிள்ள இருக்கும். பிள்ள இருந்தா ரொட்டி சுட்டுக் குடுக்க ஒரு ஆளு இருக்கும். மழை இருந்தாத்தானே உசுரு வருது, அப்ப மழையும் இருக்கும். அங்கயும் ஒருத்தி இப்படி ஒக்காந்திருப்பா. அவ்வளவு பெரிய ஆகாயம் முழுக்க இதே நடக்கணுமா? இங்க மட்டும் நடந்ததா இருக்கட்டும். மத்த எடமெல்லாம் வெறும் கல்லா இருக்கட்டும். கல்லுக்கு ஒண்ணும் இல்ல."

வேன் ஓட்டி வந்தவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அல்லாஹ் போதுமானவன், பொறுமையாக இருங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. அவள் சொன்னதில் எங்கே பிழை என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

அவள் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டாள். வடக்கே, மலையே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊர். ஃபோன் எடுத்தால் பேசுவாள். வெயில் தாங்க முடியவில்லை, தண்ணீர் உவர்ப்பு, சிறுநீரக நோயாளிகள் நிறைய வருகிறார்கள் என்பாள். சாப்பிட்டீர்களா என்றால் சாப்பிட்டேன் என்பாள். அவளாக ஒருநாளும் எடுப்பதில்லை. நான் எடுக்கும் இடைவெளியும் கூடிக்கொண்டு போகிறது. எடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்தே அந்த வாரம் போய்விடுகிறது.

சென்ற வாரம் பத்தாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி, எங்கோ ஒரு கிரகத்தில் உயிருக்கான அடையாளம் தெரிகிறதாம், உண்மையா டீச்சர் என்று கேட்டாள். வகுப்பே பரபரத்தது. இருக்கும் என்றார்கள் சிலர், இல்லை என்றார்கள் சிலர். எனக்குத் தெரியாது, விஞ்ஞான டீச்சரிடம் கேளுங்கள் என்றேன். அந்தச் செய்தி பொய்யாகப் போகட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத எதற்கோ, இல்லாமலே இருந்துவிடு என்று நான் துஆ செய்துகொண்டிருக்கிறேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. பிள்ளைகளைப் பாடத்தை மனதுக்குள் வாசிக்கச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையை அழித்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.